ஏலத்தில் போன ஃபோர்க்

என் பேத்தி ஷைஜாவைப் பற்றி ஊரார் பேசுவதெல்லாம் என் காதுக்கும் வரத்தான் செய்கிறது. இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் கட்டாமல், குலசேகரம் மலையில் சைக்கிளில் குதித்துத் திரிகிறாளாம். திரியட்டுமே! தக்கலையில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள், தன் சம்பளத்தில் சைக்கிள் வாங்கினாள். யார் வீட்டு அரிசியில் கைவைத்தாள்?

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சரிவைப் படிபடியாக வெட்டித்தான் மரம் வைப்பார்கள். அந்தப் படிகளில் தாவித் தாவி இறங்குவது அவள் விளையாட்டு. விழுகிற அடியை முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் குழாய்க்குள் காற்றும் எண்ணெயும் இருக்குமாம். அவளுடைய பழைய ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகிப்போய், குதித்தால் இரும்போடு இரும்பு இடித்தது. போன மழைக்காலத்தில் அந்த இடியில்தான் மணிக்கட்டு ஒடிந்தது. இன்னொரு முறை ஒடிந்தால் ஊசி பிடிக்கக் கை உதவாது என்றார் டாக்டர். ஊசிதானே அவள் பிழைப்பு? சீட்டுப் பிடித்துப் பணம் அனுப்பி, குவைத்தில் நர்ஸாக இருக்கும் தாய் பெமிலா மூலம் பெரிய அடி தாங்கும் புது ஃபோர்க் வரவழைத்தாள்.

பெட்டி வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். அன்று அறுப்பின் பண்டிகை, சர்ச்சில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் நாள். வெளிநாட்டுப் பெட்டியில் முதலில் கைக்கு அகப்படுவதை, பிரித்துப் பார்க்காமல் சபை ஏலத்துக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிரித்தால் ஆசை வந்துவிடும் அல்லவா? அவள் அப்பன், என் மருமகன் ஜான்ரோஸ், கண்ணை மூடிக் கைவிட்டான். அகப்பட்டது அந்த நீளப் பொட்டலம்.

சர்ச் முற்றத்தில் பிரித்ததும் ஒரே சிரிப்பு.

“இதென்னவே, ரெட்டைக்குழல் துப்பாக்கியா?”

ரப்பர் ஷீட்டு வியாபாரி எட்சன், வாழைக்குலை ஏலத்தில் தோற்ற வீம்பில், என்னவென்றே தெரியாமல் அதை எடுத்தான்.

மறுநாள் ஷைஜாவும் ஜான்ரோஸும் நானும் அவன் கடைக்குப் போனோம். ரப்பர் ஷீட்டு காயும் கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது பிள்ளையின் ஃபோர்க்!

“மாமா, அது எனக்க சாதனம். அப்பா தெரியாம குடுத்துட்டாரு. ஏலப் பணத்த நான் தாறேன்.”

“கர்த்தருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கப்பிடாது மக்கா. பெண்ணுக்கு இது எதுக்காக்கும்? கைய ஒடிக்கவா?”

“ஒடியாம இருக்கத்தான் மாமா.”

“வீட்ல இருந்தாலும் ஒடியாதுல்லா?”

“ஏலே எட்சா,” என்றேன், “நீ ஷீட்டு காயப்போடவா கர்த்தர் குவைத்திலேருந்து கம்பு இறக்கினாரு?”

ஜான்ரோஸ் முனகினான்: “சபையில குடுத்தாச்சு. விட்டுரு மக்கா.”

அவள் திரும்பினாள். “அப்பா, நீங்க குடுத்தது உங்களுக்க பொருளா?”

ஷைஜா ஓரத்தில் கிடந்த கமுகங்கம்பை எடுத்துக் கொடிக்கு முட்டுக்கொடுத்தாள். ஃபோர்க்கைத் தோளில் வைத்தாள். தன் பொருளுக்கே இரண்டாம் தடவையாக விலையைத் தராசின்மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

“களவு! பட்டப்பகல் களவு!” என்று கத்தினான் எட்சன்.

“போலீச கூப்பிடுங்க மாமா, வீட்லதான் இருப்பேன்.”

போலீஸ் வரவில்லை, சபைக் கமிட்டி வந்தது. அவள் எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பொருளைக் கேட்காமல் கொடுத்தவனுக்கு ஒரு சொல் இல்லை, சிரித்தவர்களுக்கு ஒரு சொல் இல்லை. அவள் கேட்கமாட்டாள். கேட்கவும் விடமாட்டேன்.

நேற்று புது ஃபோர்க்கோடு உச்சிப் படியிலிருந்து இறங்கி வந்தவளின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. அதையும் கமிட்டிக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்.