பயந்த பால்

பால் கொடுக்கும் தாய் பயந்துபோனால் அவள் பால் கெட்டுவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் குழந்தை பிறந்தபோது, வெயிலில் போய்விட்டு வந்தவளிடம் “முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுட்டு அப்புறம் குடு” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நீங்கள் அங்கேதான் சோபாவில் உட்கார்ந்திருந்தீர்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசினீர்களா?

புனேயில் டோரீன் என்றொரு பெண் இருக்கிறாள். வயது முப்பது. இவளைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் இவளுக்கு நடந்ததை அநியாயம் என்று யாரும் எண்ணவில்லை. இவள் கணவன் இவளை அடிப்பவன் அல்ல, குடிப்பவன் அல்ல. சிங்கப்பூருக்கே கூட்டிக்கொண்டு போனவன்.

டோரீன் பிறந்து வளர்ந்தது ஏரவாடாவில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில். அப்பா லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் சமையல்கூடத்தில் வேலை பார்த்தார். அம்மா, டோரீன் கல்லூரியில் இருக்கும்போதே இறந்துவிட்டாள். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம், சண்டைக்கு இந்தி. படிப்பில் சுமாரான பெண். ஓட்டத்திலும் நீளத் தாண்டலிலும் மட்டும் அவளை யாரும் நெருங்க முடியாது. அதைப் பிடித்துக்கொண்டே உடற்கல்விப் பட்டம் வாங்கி, கேம்ப் பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனாள்.

அந்தப் பள்ளியில் நீளத் தாண்டலுக்கு மணல் குழி கிடையாது. பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் பேசி மணல் வாங்கி, பிள்ளைகளையே வெட்டச் சொல்லிக் குழியை உண்டாக்கியவள் டோரீன். “இன்று இவளுக்கு உடம்பு சரியில்லை, ஓட வைக்க வேண்டாம்” என்று அம்மாக்கள் மாதாமாதம் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். அவள் அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து, “வயித்து வலியா, இல்லே அம்மா சொன்னாங்கன்னா?” என்று கேட்பாள். வலி என்றால் உட்கார வைப்பாள். அம்மா சொன்னாள் என்றால், “அந்த நாள்லே நான் ஸ்டேட் லெவல் ரேஸே ஓடியிருக்கேன். போய் ஷூ போடு” என்பாள். நான் மதிக்கும் பகுத்தறிவு இதுதான். மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்.

அவர்கள் போகும் தமிழ் சர்ச் சபையில் பார்த்து முடித்த கல்யாணம். மாப்பிள்ளை டெக்ஸ்டர், புனேயிலேயே ஔந்தில் சொந்த ஃப்ளாட். மென்பொருள் கம்பெனியில் வேலை. கோளாறு வந்தால் அது எதனால் வந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்காக அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இதை மறந்துவிடாதீர்கள். அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே அவனுடைய அக்கா சோனியாவும் அவள் கணவன் ஷிபினும். போன டிசம்பரில் டோரீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. டானியா என்று பெயர் வைத்தார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது டோரீனின் பேறுகால விடுப்பும் முடிகிறது. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம். இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அவள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். டெக்ஸ்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் அவன் கெட்டவன் ஆகிவிடுவான் அல்லவா?

“பாப்பா உன்னை விட்டுட்டு அரை மணி நேரம் இருக்க மாட்டா டோரீன்.”

“இருக்க மாட்டான்னு எப்படித் தெரியும்? நீங்க யாராவது அரை மணி நேரம் வெச்சிப் பார்த்திருக்கீங்களா?”

சாப்பாட்டு மேசையில் சோனியாவும் ஷிபினும் இருக்கும்போது நடந்த பேச்சு. ஷிபின் சிரித்துவிட்டான். டெக்ஸ்டருக்கு அது சுட்டிருக்க வேண்டும். மே மாதம் நான்கு பேரும் சிங்கப்பூர் போவதாக ஏற்கெனவே டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

“சரி, ஷர்த் வெச்சிக்கலாம்” என்றான். பந்தயம் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் சொல். “அங்க தீம் பார்க்லே நீ ஒரு ரைட் போய்ட்டு வா. பாப்பா எங்ககிட்டே இருக்கட்டும். நீ வர்ற வரைக்கும் அவ அழலேன்னா, ஜூன்லே ஸ்கூலுக்குப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“ஷிபின் அண்ணா, நீங்க சாட்சி” என்றாள் டோரீன்.

பட்டம் பெற்று, மணல் குழி வெட்டி, நூற்றுக்கணக்கான பெண்களை ஓடவைத்த ஒருத்தியின் வேலை, ஒரு ராட்டினத்தின் மேல் பந்தயமாக வைக்கப்பட்டது. அவளும் அதற்குச் சம்மதித்தாள். வேறு எந்த வழியில் அவர்கள் சம்மதிக்கப் போகிறார்கள்?

ஐந்து மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கப் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். விமானம் மேலே ஏறும்போது காது அடைக்காமல் இருக்கப் பால் கொடுத்தாள், இறங்கும்போதும் கொடுத்தாள். நடுவில் கொடுத்ததற்குக் கணக்கில்லை. மற்ற மூவரும் படம் பார்த்தார்கள்.

குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்தப் பூங்காவில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் ரைடில் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு பக்கத்து அறையில் காத்திருக்கலாம். போனவர் திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டதும், காத்திருந்தவர் மறுபடி வரிசையில் நிற்காமல் நேராகப் போய் ஏறலாம். பிள்ளை பெற்றவளுக்கும் ஆசை இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறான்.

முதல் நாள் பெரிய ரோலர் கோஸ்டர். டெக்ஸ்டரும் ஷிபினும் போனார்கள். சோனியாவுக்கு உயரம் என்றாலே தலைசுற்றல், அவள் ஏறுவதில்லை. டோரீன் குளிரூட்டிய அறையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். டெக்ஸ்டர் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தான்.

“செம டோரீன், செம! அரே, தூங்கிட்டாளா? அப்ப அசைக்காதே. நீ அடுத்ததுக்குப் போ. இந்த டர்ன் வேஸ்ட் ஆயிடும். ஷிபின், வா, இன்னொரு வாட்டி!”

அவளுடைய முறையில் அவன் ஏறினான். அடுத்த ரைடில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது; அந்த முறையும் அவனுக்கே. அதற்கடுத்ததில் மழை வரும்போல் இருந்தது. வருவதற்குள் ஆண்கள் இருவரும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துவிட்டார்கள். அவளிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டோம் என்று டெக்ஸ்டருக்குத் தோன்றவே இல்லை. அவன் வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது.

இரண்டாம் நாள் டோரீன் யாரையும் கேட்கவில்லை. குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, டெக்ஸ்டரின் கையில் கொடுத்தாள். “நான் போறேன்.”

சோனியா அவள் கையைப் பிடித்தாள். “நான் சொல்றேன்னு கோச்சிக்காதே. பால் குடுக்கிறவ இதுலே எல்லாம் ஏறக் கூடாது. பயந்த பால் கொழந்தைக்கு ஆவாது. எங்க மாமியார் அடிச்சிச் சொல்லியிருக்காங்க.”

“எனக்குப் பயமில்லே அண்ணி. பயப்படறது நீங்கதான். நீங்க பால் குடுக்காம இருந்தா போதும்.”

ஷிபின் விழுந்து விழுந்து சிரித்தான். சோனியா சிரிக்கவில்லை.

“ஷர்த் ஞாபகம் இருக்கில்லே? அழக் கூடாது” என்றான் டெக்ஸ்டர்.

“அதை உங்க பொண்ணுகிட்டே சொல்லுங்க.”

அவள் முன்வரிசையில் ஏறினாள். வண்டி உச்சிக்கு ஏறி ஒரு நொடி நின்றது. கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து அந்த உடம்பைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசியிருந்தார்கள்: என்ன தின்ன வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும், எவ்வளவு சுரக்கிறது, போதுமா, போதாதா. வண்டி கீழே பாய்ந்தபோது அந்த உடம்பு அவளுடையதாகத் திரும்பி வந்தது. அவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்தினாள். அது பயத்தில் வரும் கத்தல் அல்ல. தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் மைதானத்தின் ஓரத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவாளே, அது. “வுடாதே! வுடாதே! ஓடு!” பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒன்றும் புரியாமல் கூடவே கத்தினாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்தாள்.

இறங்கி வந்தாள். குழந்தை சோனியாவின் மடியில் உதட்டைச் சப்பிக்கொண்டு விழித்திருந்தது. அழுகை இல்லை.

“அழவே இல்லையே!” என்றாள் டோரீன்.

“ஆமா. அழலே” என்றான் டெக்ஸ்டர். குழந்தை அழாததில் ஓர் அப்பாவுக்கு வரவேண்டிய சந்தோஷம் அந்தக் குரலில் இல்லை.

“அப்ப ஜூன்லே ஸ்கூல்.”

“பார்க்கலாம், பார்க்கலாம்.”

அவள் குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தாள். சாயங்காலம் ஓட்டலில் குழந்தை வாந்தி எடுத்தது. பிறகு தண்ணீராகப் போக ஆரம்பித்தது. துணியை மாற்ற மாற்றப் போனது. குழந்தையின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மருத்துவர் அந்த ஊர்த் தமிழ்ப் பெண். இவர்களைவிடத் திருத்தமான தமிழில் கேட்டார்: “தாய்ப்பால் தவிர வேறு ஏதாவது கொடுத்தீங்களா?”

“இல்லே டாக்டர்” என்றாள் டோரீன்.

சோனியா தொண்டையைச் செருமினாள். “இவ ரைட்லே இருக்கும்போது சிணுங்கினா. அதான்... மாம்பழ ஜூஸ். இத்தனூண்டு. ஐஸை எடுத்துட்டுதான் குடுத்தேன்.”

“எதில் கொடுத்தீங்க?”

“நாங்க குடிச்ச ஸ்ட்ராலேயே.”

“ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது அம்மா” என்றார் மருத்துவர். அதில்தான் வந்திருக்கிறது என்றும், தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுங்கள், அதுதான் மருந்து என்றும் டோரீனைப் பார்த்துச் சொன்னார்.

சோனியா விடவில்லை. “ஆனா டாக்டர், இவ அந்த ரோலர் கோஸ்டர்லே போய்ட்டு வந்த உடனே பால் குடுத்தா. அதனாலயும் இருக்குமில்லே?”

“இல்லை.”

“கொஞ்சங்கூட சான்ஸ் இல்லையா?” இது டெக்ஸ்டர். கோளாறின் மூலத்தைக் கண்டுபிடிப்பவன்.

“பயத்தில் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். கெட்டுப்போகாது. பயம் பாலில் கலக்காது.”

வெளியே வந்ததும் சோனியா சொன்னாள்: “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

இரண்டு நாளில் குழந்தை தேறிவிட்டது. தாய்ப்பால்தான் தேற்றியது. ஆனால் அவர்கள் புனே வந்து இறங்கும் முன்பே போனில் செய்தி வந்து இறங்கியிருந்தது. டோரீன் ராட்டினத்தில் ஏறிவிட்டு வந்து பால் கொடுத்தாளாம், குழந்தைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டதாம். மாம்பழ ஜூஸ் எங்கே? ஸ்ட்ரா எங்கே? கடல் தாண்டும்போது இரண்டும் கதையிலிருந்து விழுந்துவிட்டன. சபையில் மூன்று பேர் அவளிடம் வந்து, ஜெபம் செய்கிறோம், இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்று சொன்னார்கள். படித்தவர்கள். ஒருவர் பாங்க் மேனேஜர். இதே கதையை இந்து வீட்டில் சொன்னாலும் தலையாட்டுவார்கள். பெண்ணைக் குற்றம் சொல்லும் விஷயத்தில் மட்டும் எல்லா மதத்துக்கும் ஒரே வேதம்.

டோரீன் அசரவில்லை. வீட்டில் கேட்டாள்: “ஷர்த் என்ன? அவ அழக் கூடாதுன்னுதானே? அழலையே.”

டெக்ஸ்டர் கோபப்படவில்லை. பொறுமையாக, அன்பாகவே சொன்னான். “அழாம இருக்க என்ன குடுத்தாங்கன்னு பார்த்தே இல்லே? என் கூடப் பொறந்த அக்கா. அவளே இப்படிப் பண்ணிட்டா. அப்ப க்ரெஷ்லே எவளோ ஒருத்தி என்ன குடுப்பாளோ, யாருக்குத் தெரியும்?”

“தப்புப் பண்ணது அண்ணி. வேலை போறது எனக்கா?”

“யார் தப்புன்னு இப்ப யாரும் சொல்லலியே. நீ போகாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? அதைச் சொல்லு.”

அவள் போகாமல் இருந்திருந்தால் நடந்திருக்காதுதான். பெண்கள் நகராமல் இருந்தால் உலகத்தில் பல விபத்துகள் நடக்காது. ஜூஸ் கொடுத்தவள் மேல் தவறில்லை, குழந்தையைக் கையில் வாங்கிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பன் மேல் தவறில்லை. ஆம், அவனும் அங்கேதான் நின்றான். எழுந்து போனவள்தான் குற்றவாளி. பந்தயத்துக்குச் சாட்சியாக இருந்த ஷிபினிடம் டோரீன் போனாள். “குடும்ப விஷயம்மா, நான் எப்படி நடுவுலே வர்றது?” என்றான். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த அதே ஆள்.

ராஜினாமாவை எழுதிக்கொடு, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று டெக்ஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் இன்னும் எழுதவில்லை. தலைமையாசிரியை, பள்ளி திறக்கும் நாள்வரை அந்த இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த நாள் இந்த மாத நடுவில் வருகிறது. “டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்” என்றாள் டோரீன். “ஆனா டெய்லி பத்துப் பேர் சொல்லும்போது, பால் குடுக்க எடுத்தா, முதல்லே கொஞ்சம் பீய்ச்சிக் கீழே விட்டுட்டுதான் குடுக்கிறேன்.” வீராங்கனையாக ஓடிய ஒருத்தியை இந்த ஊர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடம் இது. இல்லாத பயத்தை அவளுக்குள் ஊட்டியது ராட்டினமல்ல.

நீங்கள் புனேயில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து டீ கொடுக்கும் நேரத்துக்கு அவர்கள் சர்ச்சுக்குப் போங்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு முக்கியமல்ல, போங்கள். கடைசி வரிசையில் குழந்தையோடு இருப்பாள். சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஜெபம் செய்வதாகவும் சொல்லாதீர்கள். “ஸ்கூலுக்கு என்னைக்கு வர்றீங்க டோரீன் மிஸ்?” என்று கேளுங்கள். பக்கத்தில் டெக்ஸ்டர் நிற்பான். அவன் காதில் விழும்படி, பாங்க் மேனேஜர் காதிலும் விழும்படி, சத்தமாகக் கேளுங்கள்.