கோதண்டம் அண்ணன் வீட்டு நீச்சல்குளத்துப் பூச்சிகள்

நீச்சல்குளம் சுத்தம் பண்றது குளுகுளு வேலைன்னு நினைக்கிறவங்க, ஒருநாள் வலையைத் தூக்கிக்கிட்டு என்கூட மாமல்லபுரம் பக்கம் வாங்க. வீட்டுத் தண்ணித்தொட்டியில கொசுவோட மல்லுக்கட்டுறவங்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

கடி

செங்கல்பட்டுல ஹார்டுவேர் கடை வச்சிருக்கிற கோதண்டம் அண்ணன், கடற்கரைப் பக்கம் தோட்ட வீடு கட்டி, கொல்லையில குளமும் வச்சார். ஆசையா இறங்கின அன்னிக்கே ஒரு பூச்சி தொடையில கடிச்சுடுச்சு. மல்லாந்தபடியே நீந்துமே, அதேதான். கடிச்சா தேள் கொட்டின மாதிரி கடுக்கும். என்னை வரவழைச்சு, தொடையைத் தேய்ச்சுக்கிட்டே கத்தினார்: "பாய், ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம். அப்பவும் ஒரு பூச்சி கண்ல பட்டுச்சு, மண்ணு அடிச்சு மூடிட்டு வாழை வெச்சுடுவேன்!"

முட்டி

பாசி இருந்தா அதைத் தின்னச் சின்னப் பூச்சி வரும், அந்தச் சின்னதைத் தின்ன, கடிக்கிற பூச்சி வரும். அதனால முதல்ல பாசி. லுங்கியை மடிச்சுக் கட்டி, சுவரைப் பிரஷ்ஷால தேய் தேய்னு தேய்ச்சு, குளோரின் போட்டேன். அண்ணன் கடைக்குப் போனதும், அவர் சம்சாரம் சரோஜா அக்கா நொண்டிக்கிட்டே வந்தாங்க. முட்டி ஆபரேஷன் ஆனவங்க, தண்ணிக்குள்ள நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். "தரையில நடந்தா உசுரு போவுது பாய். இதுக்குள்ளதான் நான் மனுஷியா நடக்கிறேன். மூட வுட்டுடாத."

பூச்சியா நானா, பார்த்துடலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

காப்பரிசி

வெள்ளிக்கிழமை தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. சனிக்கிழமை காலையில வந்து பார்த்தா, அய்யோ! தண்ணி மஞ்சளா கிடக்கு. ஃபில்டர் வாயில பூ அடைச்சிருக்கு. ஓரமெல்லாம் எறும்பு, மேலே குளவி ரீங்காரம். முந்தின நாள் ஆடிப்பெருக்கு. அக்கா மஞ்சள், பூ, வெல்லம் போட்ட காப்பரிசி எல்லாத்தையும் குளத்துலயே விட்டுட்டாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "என்னக்கா இது, என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே!"ன்னு கத்திட்டேன். அக்கா கண் கலங்கிடுச்சு. "பாலாத்துல தண்ணி இல்ல பாய். இந்தக் குளத்த மூடக்கூடாதுன்னு வேண்டிக்கினு இதுலயே போட்டேன்."

ஞாயிறு

மிச்சக் காப்பரிசியை வேலியோரம் வச்சேன். குளவி, எறும்பு எல்லாம் அங்க போச்சு. அடியில இருந்ததைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்து, ஃபில்டரைக் கழுவி, மறுபடி குளோரின் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை அண்ணன் கரையில உக்காந்து, குனிஞ்சு குனிஞ்சு பூச்சி தேடினார். அக்கா தண்ணியில இறங்கி நடக்க ஆரம்பிச்சாங்க. நொண்டல் இல்ல, முகச் சுளிப்பு இல்ல. எப்பவும் கடையிலயே கிடக்கிற மனுஷன் அதை அன்னிக்குத்தான் பார்த்தார். தேடுறதை விட்டுட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பூச்சி அவர் காலடியில மல்லாந்து நீந்திப் போச்சு. நான் வலையை எடுக்க ஓடினேன். அவர் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் பாய். அவ நடக்கட்டும்."

பூச்சி ஒழிக்க எத்தனையோ மருந்து வந்தாச்சு, வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் கரையில உக்கார வைக்கத்தான் இன்னும் ஒண்ணும் வரலை.