கப்பல் மணி அடித்த வியாகுலம்மாள்

ராயபுரத்தில் கடலைப் பார்த்து நின்ற கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளி, முதலில் ஒரு மரக்கிடங்கில்தான் தொடங்கியது. மழை பெய்தால் உள்ளே குடை பிடித்துத்தான் பாடம். பிறகு ஓடு வந்தது, பெஞ்சு வந்தது, துறைமுகத்தில் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் தயவில் பழைய கப்பல் மணி ஒன்றும் வந்தது. அதை அடிக்கிற வேலை ஆயா வியாகுலம்மாளுக்கு. கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, அழுகிற குழந்தைக்கு மூக்கு துடைப்பது எல்லாமே அவள்தான். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், மணியடிக்கிறேன் என்பாள். அந்த கெத்து அவளுக்கு உண்டு.

பள்ளியில் ஒரே குறை, எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க பஸ் ஏறி வெகுதூரம் போக வேண்டும். வயசுப் பெண்ணை அப்படி அனுப்ப அந்தக் கரையில் எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? வியாகுலம்மாளின் புருஷன் பாஸ்கல் கட்டுமரக்காரன். நல்ல மனுஷன், ஆனால் பிடித்தால் பிடிதான். மகள் ஹில்டா எட்டை முடித்ததும் கருவாடு காயவைக்க வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். ஹில்டாவோ வகுப்பில் கெட்டிக்காரி. ஒன்பதாம் வகுப்பு இங்கேயே வந்துவிட்டால் அவன் வாயை அடைத்துவிடலாம் என்று வியாகுலம்மாள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தியாக ஏற்றித் தள்ளினாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம், பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டரஸ் அம்மா வந்தார். அன்றைக்குப் பார்த்து விடியற்காலையில் கரை கொள்ளாத நெத்திலி. பெரிய பெண்களையெல்லாம் மணலில் மீன் பரப்ப இழுத்துப் போய்விட்டார்கள். வியாகுலம்மாள் பள்ளியைப் பெருக்க முன்னாடியே கிளம்பி வந்துவிட்டதால், பாஸ்கல் ஹில்டாவையும் கூட்டிப் போயிருந்தான். எட்டாம் வகுப்பில் ரயில்வேக்காரர் மகள்கள் சிலர் மட்டும் உட்கார்ந்து காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டுக்கே வராத பெண்களுக்கு ஒன்பது எதற்கு என்று பள்ளியை நடத்திய மதரிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், அதுதான் வயிற்றெரிச்சல். மதர் முகம் வெளுத்துப்போய், மணியடித்தால் வந்துவிடுவார்கள் என்று எதையோ சொல்லி, வியாகுலம்மாளைப் பார்த்துக் கையசைத்தார்.

அவள் கயிற்றைப் பிடித்து அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தாள். படபடப்பில் கை நிற்கவே மாட்டேன் என்றது. பள்ளிக்கூட மணியை விட்டு விட்டு அடிக்க வேண்டும். நிறுத்தாமல் மணி அடித்தால், அது எந்த மணியானாலும், கடலில் கட்டுமரம் கவிழ்ந்துவிட்டது, ஓடி வா என்றுதான் அந்தக் கரையில் வழக்கம். கட்டுமரக்காரன் வீட்டில் பிறந்து கட்டுமரக்காரனுக்கே வாக்கப்பட்டவளுக்கு இது தெரியாததா? தெரியும். அன்றைக்கு மறந்தே போச்சு.

கரையே எழுந்து வந்துவிட்டது. ஆண்கள் கயிறும் துடுப்புமாக, பெண்கள் கூடையை இறக்கவும் மறந்து, பின்னாலேயே கை கால் முழுக்கச் செதில் ஒட்டிய எட்டாம் வகுப்புப் பெண்கள். இன்ஸ்பெக்டரஸ் அம்மா நாற்காலியோடு சுவரோரம் நகர்ந்தார். முதலில் வந்த பாஸ்கல் மூச்சு வாங்கக் கேட்டான்: “இன்னாமே, யார் மரம்?”

வியாகுலம்மாளுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“மரம் ஒண்ணும் கவுந்துடல. இந்த ஸ்கூலுதான் கவுந்துகினு கீது. நம்ம ஹில்டா அதுலதான் கீறா.”

இன்ஸ்பெக்டரஸ் அம்மா விஷயத்தைச் சொல்லி, ஒன்பது திறந்தால் பெண்களை அனுப்புவீர்களா என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் பாஸ்கலைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான்.

“அனுப்புறோம்மா,” என்றான். “இல்லாங்காட்டி இவ தெனிக்கும் மணி அடிச்சிகினு இருப்பா.”

ஹில்டா நெத்திலி நாற்றத்தோடேயே ஓடிப்போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஜூனிலேயே ஒன்பது திறந்தது. வியாகுலம்மாளுக்கு மதரிடம் நல்ல டோஸ் கிடைத்தது. அதை அவள் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அறுபத்தாறில் பள்ளியின் முதல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. ஹில்டா பாஸ். இன்றைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடி என்று மதரே சொன்னார். வியாகுலம்மாள் உஷாராகிவிட்டாள். ஹில்டாவையே கரைக்கு அனுப்பி, அம்மா மணியடிக்கப் போகிறாள், யாருக்கும் ஒன்றுமில்லை, பதறாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரச் செய்தாள். பிறகுதான் கயிற்றைத் தொட்டாள்.

ஆபத்தில்லை என்று தெரிந்தும் கரையே வந்தது. பாஸ்கல்தான் முன்னால் வந்தான். கொஞ்சம் தள்ளுமே என்று அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி, தானே அடிக்க ஆரம்பித்தான்.