இறக்கை மடங்கிய விமானம்

போன மாதம் கொழும்புப் பக்கம் போனபோது ஒரு விமானக் காட்சிசாலைக்குள் நுழைந்தேன். உண்மையில் மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே பழைய எண்ணெய் வாடையோடு ஒரு மிக் போர் விமானம் நின்றது. இரண்டு இறக்கைகளும் பின்பக்கம் சாய்ந்திருந்தன. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று தடுக்காமலிருக்க அப்படிச் சாய்த்தார்களாம். எழுபத்தொன்றாம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சியை அடக்க சோவியத் நாடு அனுப்பியதாம். விளக்கப் பலகையை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் மலைமேல் வந்தது இதுதானா என்று அதில் இல்லை. லெட்சுமியைப் பற்றியும் இல்லை. இருக்குமென்று தேடிய என்னை என்ன சொல்வது!

அந்த எழுபத்தொன்றில் நான் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் புதுக் கிளாக்கர். ஊரடங்கு. யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு நாள் காலை வானமே கிழிந்ததுபோல ஒரு சத்தம். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது ஆபீஸ் மேசைக்கு அடியில் இருந்தேன்; எப்படிப் போனேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு சிதறி ஓடினார்கள். அவர்களில் லெட்சுமி தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

விபத்துப் புத்தகம் எழுதுவது என் வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரியில், தைல வாடைக்கு நடுவே கிடந்தவளிடம் விசாரித்தேன்.

“பிளேன் வந்துச்சுங்கய்யா. ரெக்க ரெண்டும் பின்னால மடங்கிக் கெடந்துச்சு. எங்க மேல விழப்போகுதுன்னு ஓடுனேன்.”

“ரெக்க மடங்குனா பிளேன் பறக்குமாம்மா?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்? பாத்ததச் சொல்றேன். அப்படியே எழுதுங்க.”

எழுதவில்லை. நான் படத்தில் பார்த்திருந்த விமானங்களெல்லாம் இறக்கையை நேராக விரித்தவை. பட்டாளத்து விமானத்தைப் பற்றி எழுதினால் யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற பயமும் இருந்தது. அறியாமையா, பயமா, எது முந்தியதென்று இப்போதும் பிரிக்க முடியவில்லை. ‘ஈரத்தில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதி, அவளுக்கு வாசித்தும் காட்டினேன். ஒரு வாரமாக அங்கே மழையே இல்லை.

“அப்ப நான் பொய் சொல்றேனாங்க?” என்றாள். நான் பேனாவை மூடினேன்.

கவனமில்லாமல் விழுந்தவள் என்று தோட்டத்தில் அவள் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சில வருடம் கழித்து, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு தெமோதரை ஸ்டேஷனில் தாங்கித் தாங்கி நடந்து ரயிலேறினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்த அழுகையிலும் கூட்டத்திலும் கேட்டேனா, கேட்க நினைத்ததோடு சரியா என்பதே குழம்புகிறது. “வாரேங்கய்யா” என்று அவள் சொன்னது மட்டும் நிச்சயம்.

இப்போது அந்த மலை காடேறிக் கிடக்கிறது. அவள் இருந்த லயம், அந்த வரிசை வீடுகள் முழுவதும், இடிந்துபோயிற்று. விபத்துப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டதாம். லெட்சுமி அக்கரையில் எந்த ஊருக்குப் போனாள் என்றாவது அன்றைக்குக் கேட்டிருக்கலாம். அதையும் நான் கேட்கவில்லை.