தார்ப்பாய் கேட்டு ஒரு மனு

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறியதும் ஒரு பெரியவர் தன் இருக்கையைத் துண்டால் துடைத்தார். பிறகு எனக்கும் ஒரு இடத்தைத் துடைத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார். அறுபது வயதிருக்கும். புருவத்தில்கூடத் தூசி. சுண்ணாம்புக்கல் லாரிகள் மூடாமல் ஓடும் சாலை அது.

கொஞ்ச நேரத்தில் போனையும் துடைத்து என்னிடம் நீட்டினார். எங்கோ ஒரு குளிர்நாட்டில் புதிதாக அரசியல் சட்டம் எழுதுகிறார்களாம். ஃபேஸ்புக்கில் மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். அந்த நாட்டு மக்களிடம்தான். இவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "ஐயா, பொருள்: லாரிகளுக்குத் தார்ப்பாய் போடுவது தொடர்பாக" என்று தமிழிலேயே எழுதி, ரேஷன் கார்டு நகலையும் இணைத்திருந்தார்.

"அங்க கல் லாரி ஓடுதுங்களா?" என்றேன்.

"ஓடாட்டி என்னங்க? எழுதுறப்பவே சேத்துட்டா, பின்னாடி யாரும் மனுவைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம் பாருங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் அந்த மனுவுக்குக் கீழே பார்த்தேன். ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது: 'நன்றி. இங்கே அப்படி லாரிகள் இல்லை. உங்கள் ஊரில் இதை யாரிடம் சொல்வீர்கள்?'

"நாலே நாள்ல பதில் சார். இங்க வருஷக்கணக்கா குடுக்குறேன், ஒரு வரி வரல."

"அவங்க கேட்டதுக்கு என்ன எழுதுனீங்க?"

"உங்ககிட்டத்தான்னு எழுதிட்டேன்."

எதிரே கல் லாரி ஒன்று கடந்தது. அரியலூரில் நான் எழுந்தபோது, என் இடத்தை அடுத்தவருக்காக மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.