முன் பிளாக்கில் தின்ற சந்தேஷ்

நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்க என் புத்தகங்கள். தலைவர்களின் வரலாறு, கலவரம் மூண்ட ஊர்களின் கதை, நெருக்கடி நேரத்தில் ஒரு பிரதமர் என்ன முடிவெடுத்தார் என்று அவர் பக்கத்தில் இருந்த அதிகாரி எழுதியது, இந்த மாதிரி. கரியாஹாட் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே, உள்ளதில் தடித்ததைத் தேடி மேலே எடுத்து வைப்பார்கள். அப்பா புத்தகத்தைக் கிலோ கணக்கில் வாங்குகிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் பத்தாவதும் ஐடிஐயும் முடித்து, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே துறைமுகப் பணிமனைக்கு ஃபிட்டராக வந்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவற்றைப் படிக்கிறேன். ஊரே இரண்டுபட்டு நிற்கும்போது ஒரு மனிதர் காலையில் எழுந்து யாரிடம் முதலில் பேசினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கதைப் புத்தகத்தில் எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். இந்தப் புத்தகங்களில் இருக்கிறவர்களுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்றே தெரியாது. நம்மைப் போல.

உங்களுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். இருந்தாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள்.

நம் பெஹாலா குடியிருப்பில் இரண்டு பிளாக், ஒரு துர்கா பூஜை. பந்தல் எப்போதும் முன் பிளாக் வாசலில்தான். நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு வருஷம் பின் பிளாக்காரர்கள், "இந்தத் தடவை எங்க பக்கம் போடணும். எங்க வீட்டு வயசானவங்க எல்லாம் இத்தனை வருஷமா அம்மனோட முதுகைத்தான் பாக்கறாங்க" என்றார்கள். முன் பிளாக் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் நாங்கள் தனியாகப் பூஜை போட்டுக்கொள்கிறோம் என்றது பின் பிளாக். முன் பிளாக்குக்குத் தலைவர், நீங்கள் பெரியப்பா முறை வைத்து ஜேட்டு என்று கூப்பிடுகிறவர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பின் பிளாக்குக்கு உங்கள் காக்கு, சித்தப்பா முறை, பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒன்றாகக் காலை நடை போன இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஆளுக்கொரு கேட் வழியாகப் போனார்கள்.

மகளே, உனக்கு இதில் என்ன கஷ்டம் என்று உன் தம்பிக்கு நினைவிருக்காது. நீயும் காக்குவின் பேத்தியும் பூஜை மேடைக்காக ஒரு நடனம் பழகிக்கொண்டிருந்தீர்கள். பூஜை இரண்டானால் மேடையும் இரண்டு. நீ இங்கே, அவள் அங்கே. அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாய்:

"இவ்ளோ சண்டைப் புக்கா படிக்கிறியேப்பா, இந்த ஒரு சண்டைய நிறுத்த முடியாதா உன்னால?"

அந்த வருஷம் பூஜை கமிட்டிக்கு நான்தான் செக்ரட்டரி. என் திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை அது. முன் பிளாக்கில் குடியிருந்தாலும் நாம் மெட்ராஸ்காரர்கள், எந்தக் கட்சியிலும் சேர மாட்டோம் என்று இரண்டு தரப்பும் நம்பின. "இந்தாளுக்கு நம்ம சண்டை முழுசாப் புரியவே புரியாது. அதனால நியாயமா இருப்பார்" என்று காக்கு கூட்டத்திலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

நீ கேட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும் என்று பல புத்தகங்களில் படித்திருந்தேன். முதலில் ஜேட்டு வீடு. உட்கார்ந்ததும் அவர் மனைவி தட்டில் சந்தேஷ் வைத்தார். இந்த ஊரில் வீட்டுக்கு வந்தவர் இனிப்பைத் தொடாமல் எழுந்தால் அது கோபித்துக்கொண்டு போவதற்குச் சமம். இரண்டு தின்றேன், நன்றாகவே இருந்தது. ஜேட்டு சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

பின் பிளாக் படி ஏறும்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சமாதானம் பேசப் போகிறவர் எந்தத் தரப்பிடமிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதையும் ஏதோ ஒரு தடித்த புத்தகத்தில் படித்திருந்தேன். சரி, இந்த நிமிஷத்திலிருந்து நடுநிலை என்று முடிவு செய்தேன். காக்கு வீட்டில் ரசகுல்லா வந்தது. கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாங்க. நான் பொது ஆள். யார் வீட்லயும் எதுவும் வாங்கிக்கக் கூடாது" என்றேன்.

காக்கு கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மீசையில் சந்தேஷ் தூள் ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

சாயங்காலத்துக்குள் பின் பிளாக் முழுக்கச் செய்தி. செக்ரட்டரியின் வாயை முன் பிளாக் முதலிலேயே இனிப்பாக்கிவிட்டது. பந்தல் எங்கே என்று எப்போதோ முடிவாகிவிட்டது. தனிப் பூஜைக்குப் புரோகிதரிடம் பேச ஆளே கிளம்பிவிட்டார்கள்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நடுநிலைன்னா ரெண்டு வீட்லயும் திங்கணும், இல்லாட்டி ரெண்டு வீட்லயும் திங்கக் கூடாது. ஒரு வீட்ல தின்னுட்டு இன்னொரு வீட்ல உபதேசம் பண்றது எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"படியேறும்போதுதானே ஞாபகம் வந்துச்சு."

"அப்ப அந்த வீட்டுக்கு முதல்ல ஏறியிருக்கணும்."

அவசரமாகக் காக்கு வீட்டுக்கு ஓடி, மூன்று ரசகுல்லா கேட்டு வாங்கித் தின்றேன். என் கணக்குப்படி பழி தீர்ந்தது. ஆனால் அதை ஜேட்டு வீட்டு வேலைக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "அங்க மூணு, நம்ம வீட்ல ரெண்டுதானா?" என்று ஜேட்டு மனைவி கேட் பக்கத்தில் என்னைக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. இப்போது இரண்டு பிளாக்கும் என்னை நம்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

"இனி நீங்க யார் வீட்டுக்கும் போக வேண்டாம். அவங்க நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றாள் அம்மா. "நீங்க கூப்பிட்டா வர மாட்டாங்க. பிள்ளைங்க போய்க் கூப்பிடட்டும்."

நீயும் உன் தோழியும் கை கோத்துக்கொண்டு போய் இரண்டு வீட்டிலும் கூப்பிட்டீர்கள். எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் ஃபேனைப் பார்த்தார், ஒருவர் காலண்டரைப் பார்த்தார். அம்மா சோறு பரிமாறினாள். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பிறகு ரசம்.

எங்கள் ஊர் மிளகு ரசம் வங்காளத்து நாக்குக்குப் பழக்கமில்லை. ஜேட்டு ஒரு வாய் குடித்ததும் கண் கலங்கிவிட்டது. காக்குவுக்குப் புரையேறியது. ஜேட்டு தன் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மெல்ல குடி, மெல்ல" என்றார்.

காக்கு குடித்து முடித்து மூச்சு வாங்கினார். ஜேட்டு அம்மாவைப் பார்த்து, "மருமகளே, தப்பா நெனைக்காத. அந்த சாம்பார்ல கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"அதையேதான் நானும் நெனச்சேன்" என்றார் காக்கு.

நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். முட்டுக்கட்டை விழுந்த பேச்சுவார்த்தையை எப்படித் தொடங்குவது என்று என் புத்தகம் ஒன்றில் ஓர் அத்தியாயமே இருந்தது. அதை ஒரு தடவை பார்த்துவிடலாமென்று உள்ளே போனேன். பக்கம் கிடைக்கவில்லை. உன் தம்பி அடையாளத்துக்கு வைத்திருந்த சீட்டை உருவிக் கப்பல் செய்திருந்தான். தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், இரண்டு பேரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க செக்ரட்டரி பாபு, முடிஞ்சுது" என்றார் ஜேட்டு.

"என்ன முடிஞ்சுது?"

"பந்தல் இந்த வருஷம் அவன் பக்கம், அடுத்த வருஷம் எங்க பக்கம். பிரசாதக் கிச்சடி கிண்டறது மட்டும் எப்பவும் எங்க பக்கந்தான். இவங்க கிண்டினா அடிபிடிச்சிரும்."

"அடிபிடிச்சது ஒரே ஒரு தடவை" என்றார் காக்கு. "அதையும் உக்காந்து வழிச்சுத் தின்னது யாரு?"

புத்தகத்தில் விரலை வைத்தபடியே நான் நின்றிருந்தேன். அம்மா அதை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, என் கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் அந்த மாதிரிப் புத்தகங்களை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் படிக்கும் விதம் கொஞ்சம் மாறிவிட்டது. இரண்டு தலைவர்கள் சந்தித்தார்கள் என்று வந்தால், அன்றைக்கு யார் வீட்டுச் சாப்பாடு, எதைத் தின்றுவிட்டு எதை வேண்டாம் என்றார்கள் என்று தேடுகிறேன். எழுதியவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரிகிறது.

பூஜையன்று உன் நடனத்தைப் பார்க்க நான் முன் வரிசையில் நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். ஆனால் சண்டை போட ஆள் இல்லாமல் போன ஜேட்டுவும் காக்குவும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கு சரியில்லை, மைக் கரகரக்கிறது, செக்ரட்டரி என்ன பண்ணுகிறார் என்று இருவரும் ஒரே குரலில். மேடைக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். கையை எடுத்தால் மைக் நின்றுவிடும். பாட்டு முடியும்வரை நின்றேன். திரைக்கும் மேடைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் கால்கள் மட்டும் தெரிந்தன. நாலு காலிலும் செம்பஞ்சுக் குழம்பு, நாலிலும் சலங்கை. இதில் எந்த இரண்டு என் பெண்ணுடையவை என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. நீ அதற்காக இன்றைக்கும் என்னைக் கோபித்துக்கொள்கிறாய்.