நீலத் தண்ணீரில் நாற்பத்தேழு

போன வாரம் ரோஜாச் செடிக்கு மருந்து வாங்க, சேலத்தில் ஓர் உரக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் மயில்துத்தம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நீலக் கட்டிகளைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துபோனது. கால் கிலோ மயில்துத்தத்தோடு வீடு திரும்பினேன். ரோஜாவுக்கு இன்னும் மருந்து வாங்கவில்லை.

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட்டில் அதைச் சுண்ணாம்போடு கரைத்துக் காப்பிச் செடிக்கு அடிப்பார்கள். அடித்துவிட்டு வரும் அம்மாவின் சேலை முழுக்க நீலத் திட்டுகள் இருக்கும். உதிர்ந்த கட்டிகளை அண்ணன் சவரி கேட்டு வாங்கி வைத்துக்கொள்வான். அவனுக்கு ஏற்காட்டு ஒண்டிக்கடை முனையில் ரேடியோ ரிப்பேர் வேலை. வீட்டுக்கு வந்தால் முலாம் பூசும் பைத்தியம். கண்ணாடிப் பாட்டிலில் மயில்துத்தத் தண்ணீர், ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் பெல்ட் கொக்கியோ பெட்டிச் சாவியோ தொங்கும். மூங்கில் குழாயில் செருகிய இரண்டு டார்ச் பேட்டரிகள்தான் கரண்ட். இரும்பில் பூசினால் உரிந்துவிடும். “பித்தளதான் புள்ள பேச்சக் கேக்கும்” என்பான்.

மலைப் பனியில் எந்தப் பித்தளையும் கறுத்துவிடும். அப்படிக் கறுத்துப்போனதுதான் அப்பாவின் வில்லை. எஸ்டேட்டில் ஆளுக்கொன்று கொடுத்த பித்தளை வில்லை அது. அப்பாவின் நம்பர் நாற்பத்தேழு அதில் புடைத்திருக்கும். அப்பா காய்ச்சலில் போனபின் அம்மா அதை ஜெபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டார்.

முதலாண்டு நினைவுப் பூசைக்கு முந்தின நாள் அதைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். அப்போது நான் எஸ்டேட் ஆபீஸில் புது டைப்பிஸ்ட். எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. சவரி கொட்டச்சேடு போயிருந்தான். வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

பேட்டரிகள் அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்தன. தீரப்போகும் பேட்டரிக்குச் சூடு காட்டி இன்னும் நாலு நாள் ஓட்டுவது எங்கள் தொழிலாளர் லைனில் எல்லா வீட்டிலும் உண்டு. எடுத்துக் குழாயில் செருகினேன். வில்லையைத் தொங்கவிட்டுவிட்டுக் கோயிலுக்குப் பூ கட்டப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வில்லை மெலிந்து வழுவழுவென்று இருந்தது. எதிரே தொங்கிய செம்புத் தகடுதான் கல்யாண மாப்பிள்ளை போல மின்னியது.

சவரி வந்ததும் குழாயைத்தான் பார்த்தான். “ரெண்டையும் தலகீழாப் போட்டுட்டியே புள்ள. பூசறதுக்குப் பதிலா அரிச்செடுத்துருச்சு.” திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா வில்லையை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். திருப்பித் தடவினார். “எனக்கெங்க, கண்ணு, எழுத்து தெரியும்? இப்படித் தடவித்தான் அவரப் பாப்பேன்.”

நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா சவரியிடம், “அப்ப நம்பரு எங்கதான் போச்சு?” என்று கேட்டார்.

“இந்தத் தண்ணிக்குள்ளதானுங்கம்மா கரஞ்சிருக்குது.”

“அப்ப இதக் கொட்டிராத சாமி.”

அந்தப் பாட்டில் மூடி போட்டு ஜன்னலில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பனி விலகும் காலையில் சுவரெல்லாம் நீலம் விழும். அம்மா மொட்டை வில்லையைத் தடவியபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நெஞ்சு வலிக்கும். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் காலைகளுக்காக இப்போது எதையும் கொடுப்பேன்.

வில்லை அம்மாவோடு கல்லறைக்குள் போனது. லைன் வீட்டைக் காலி செய்த அன்று வேன்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். சவரி சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். வழியில் சிந்திவிடுமே என்று பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். குப்பனூர்ப் பாதையில் பாதி மலை இறங்கிய பிறகுதான் எதைக் கொட்டினேன் என்று உறைத்தது. சவரியிடம் சொல்லவில்லை. இனிச் சொல்ல அவனும் இல்லை. லைன் இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன.

வாங்கிய மயில்துத்தத்தை நேற்று ஒரு பாட்டிலில் கரைத்து ஜன்னலில் வைத்தேன். காலையில் சுவரில் நீலம் விழுந்தது. அதே நீலம்தான். அதில் அப்பா இல்லை.